மூணு லேட்டுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கலாமா?

டிசம்பர் 2, 2025 · புதுஹெச்ஆர்

தமிழ்நாட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை, 140 பேர். மாசத்துல மூணு லேட் ஆனா அரை நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) கழிப்போம். சி.எல். தீர்ந்துட்டா அரை நாள் எல்.ஓ.பி., அதாவது சம்பளம் இல்லாத விடுப்பு. எல்லா இடத்துலயும் இதுதானே நடக்குது? சங்கத்துல இருந்து "இது சட்டவிரோதப் பிடித்தம்"னு கடிதம் வந்திருக்கு. பதில் எழுதணும். என்ன எழுதலாம்?

டிசம்பர் 2 · டைம்ஆபீஸ்

எல்லா இடத்துலயும் நடக்குதுங்கறது பதில் ஆகாது. அரை நாள் எல்.ஓ.பி. பகுதியில கடிதம் சொல்றது சரி.

ஊதியப் பட்டுவாடாச் சட்டம் 1936, பிரிவு 9: வராத நேரத்துக்குப் பிடிக்கலாம். ஆனா அந்தச் சம்பளக் காலத்துல அவர் வேலை பார்க்கவேண்டிய மொத்த நேரத்துல எத்தனை பங்கு வரலையோ, சம்பளத்துலயும் அதே பங்குதான் உச்சவரம்பு. 2025 நவம்பர் 21 முதல் அதுக்குப் பதிலா ஊதியத் தொகுப்பு 2019 அமலுக்கு வந்துடுச்சு. அதுல பிரிவு 20. சாரம் அதேதான்.

கணக்கு போட்டுப் பாருங்க. மாசச் சம்பளம் 15,600. வேலை நாள் 26, நாளுக்கு 8 மணி. நாளுக்கு 600, மணிக்கு 75, நிமிஷத்துக்கு 1 ரூபாய் 25 காசு. மூணு தடவை 12 நிமிஷம் லேட்னா 36 நிமிஷம், 45 ரூபாய். நீங்க பிடிக்கறது 300. மிச்சம் 255 என்ன கணக்குல பிடிச்சீங்கன்னு ஆய்வாளர் கேட்டா சொல்ல ஒண்ணுமில்லை.

டிசம்பர் 2 · புதுஹெச்ஆர்

அபராதம்னு சொல்லிட்டா?

டிசம்பர் 3 · டைம்ஆபீஸ்

சொல்லலாம். ஆனா அபராதத்துக்குத் தனி வழி இருக்கு. பழைய சட்டத்துல பிரிவு 8, புதுசுல 19.

எந்தெந்தச் செயலுக்கு அபராதம்னு ஒரு பட்டியல் போட்டு, உரிய அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கி, ஆலைக்குள்ள அறிவிப்பா ஒட்டியிருக்கணும். பிடிக்கறதுக்கு முன்னாடி காரணம் கேட்கணும். ஒரு சம்பளக் காலத்துல மொத்த அபராதமும் சம்பளத்துல 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 15,600க்கு அது 468. தவணையா பிடிக்கக்கூடாது, 90 நாள் தாண்டியும் பிடிக்கக்கூடாது. பதிவேட்டுல எழுதணும். பலரும் விட்டுடறது ஒண்ணு இருக்கு: அந்தப் பணம் கம்பெனிக்கு வரவு இல்லை. அதிகாரி ஒப்புக்கொண்ட தொழிலாளர் நலக் காரியத்துக்குத்தான் செலவழிக்கணும்.

255 ரூபாய் 468க்குள்ள அடங்குதேன்னு சந்தோஷப்படாதீங்க. மத்த எதுவும் உங்ககிட்ட இருக்காதுன்னு கடிதம் எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கும். பேரோல் மென்பொருளில் 'லேட் டிடக்‌ஷன்'னு ஒரு வரி மட்டும்தான் இருக்கும். பிரிவு 9ல எவ்வளவு, பிரிவு 8ல எவ்வளவுன்னு அது பிரிச்சுச் சொல்லாது.

டிசம்பர் 3 · யூனியன்பக்கம்

நல்லாச் சொன்னீங்க. சி.எல். கழிக்கறதும் இதே மாதிரி தப்புதானே?

டிசம்பர் 3 · டைம்ஆபீஸ்

இல்ல தோழர், அது வேற. எந்த லீவ், எங்கேயிருந்து வந்த லீவ்னு பார்க்கணும்.

தொழிற்சாலையில சி.எல். தொழிற்சாலைகள் சட்டம் 1948 கொடுத்தது இல்லை. நிலையாணை (ஆலையோட பணி நிபந்தனைகளை எழுதி வெச்ச ஆவணம்), ஒப்பந்தம், கம்பெனி விதி இதுல ஏதோ ஒண்ணுல இருந்து வருது. மத்திய மாதிரி நிலையாணைகளில் வருஷத்துக்கு மொத்தம் 10 நாள், நோய் தவிர ஒரே தடவையில 3 நாளுக்கு மேல இல்லை, சம்பளத்தோடயோ இல்லாமலோ கொடுக்கலாம். கொடுத்த விதியே "இத்தனை லேட்டுக்கு இத்தனை சி.எல்." என்றும் சொன்னா, தற்காத்துக்க இடம் இருக்கு.

ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) அப்படி இல்லை. சட்டம் கொடுத்த லீவ். லேட்டுக்காக அதுல கை வைக்கக்கூடாது.

கடை, நிறுவனம் என்றாலும் நிலைமை மாறும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 25: ஒரு வருஷம் முடிச்சவருக்கு 12 நாள் சம்பள விடுப்பு, 24 வரை சேர்க்கலாம். அது போக நோய்க்கு 12, நியாயமான காரணத்துக்கு 12. அங்க சி.எல்.லும் சட்டத்துல இருந்தே வருது. இது மாநிலச் சட்டம், புதுத் தொகுப்புகள் இதை நீக்கலை.

இன்னிக்கு இல்லாத லேட் விதியை நாளையிலேர்ந்துன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டறதும் ஆகாது. சம்பள விடுப்பு நிபந்தனையைத் தொழிலாளிக்குப் பாதகமா மாத்தணும்னா 21 நாள் முன்னறிவிப்பு. தொழிற்தகராறு சட்டத்துல 9ஏ. அதுக்குப் பதிலா வந்த தொழிலுறவுத் தொகுப்பு 2020ல பிரிவு 40.

டிசம்பர் 4 · பேரோல்

26ஆல் வகுத்தது இடிக்குது. 30ஆல் வகுக்கற கம்பெனி நிறைய இருக்கு. எது சரி?

டிசம்பர் 4 · டைம்ஆபீஸ்

சட்டம் 26ம் சொல்லலை, 30ம் சொல்லலை. "வேலை பார்க்கவேண்டிய காலம்" என்கிறது. அது மாசத்துக்கு மாசம் மாறும்.

2025 ஜூலையை எடுங்க. 31 நாள், 4 ஞாயிறு, இடையில விடுமுறை இல்லைன்னா வேலை நாள் 27. 15,600ஐ 27ஆல் வகுத்தா 577.78. நிரந்தரமா 26னு வெச்சிருக்கறவர் 600 பிடிப்பார். ஒரு நாள் எல்.ஓ.பி.க்கு 22 ரூபாய் 22 காசு கூடுதல். தொகை சின்னது, ஆனா வரம்பைத் தாண்டிடுச்சு. பிப்ரவரியில 24 நாள்தான் வேலை, உச்சவரம்பு 650. அப்ப 600 பிடிச்சா பிரச்சினை இல்லை.

30ஆல் வகுத்தா நாளுக்கு 520, எப்பவுமே வரம்புக்குக் கீழதான். தொழிலாளிக்கு லாபம்.

டிசம்பர் 4 · டைம்ஆபீஸ்

மேல "எப்பவுமே"ன்னு போட்டதுக்கு ஒரு ஒட்டு. ஞாயிறையும் சேர்த்து எண்ணாத வரைக்கும்தான் அது.

சனி, திங்கள் வரலை. நடுவுல ஞாயிறையும் சேர்த்து மூணு நாள் எல்.ஓ.பி. பல இடத்துல 'சாண்ட்விச்'னு பேர் வெச்சு நடக்குது. 30ஆல் வகுத்தா 3 × 520 = 1,560. ஆனா வேலை நாள் 26ல அவர் வராதது 2. வரம்பு 1,200. 360 கூடப் போயிடுச்சு. ஞாயிறு அவர் வரவேண்டிய நாளே இல்லை, வராததுக்கு எப்படிப் பிடிப்பீங்க?

ஈ.எல்.லுக்கும் இதேதான். லீவுக்கு நடுவுலயோ முன்னாடி பின்னாடியோ வர்ற விடுமுறை லீவ் கணக்குல சேராதுன்னு பழைய தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 79லயே எழுதியிருக்கு.

டிசம்பர் 5 · யூனியன்பக்கம்

பத்து பேர் சேர்ந்து வரலைன்னா எட்டு நாள் பிடிப்போம்னு எங்க போர்டுல ஒட்டியிருக்காங்க. விட்டா கேன்டீன்ல பத்து பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் பிடிப்பாங்க போல.

டிசம்பர் 5 · டைம்ஆபீஸ்

அந்த விதி உண்மையிலேயே இருக்கு, போர்டு அதைப் பாதியோட நிறுத்திடுச்சு. பத்தோ அதுக்கு மேலயோ பேர், கூடிப்பேசி, வேலை ஒப்பந்தப்படி கொடுக்கவேண்டிய அறிவிப்பும் கொடுக்காம, நியாயமான காரணமும் இல்லாம வராம இருந்தா, அறிவிப்புக்கு ஈடா 8 நாள் சம்பளம் வரை. ஒரே ஊர்ல துக்கம், பதினோரு பேர் வரலை. எண்ணிக்கை இருக்கு, மத்தது எங்க?

டிசம்பர் 6 · பேரோல்

சட்டத்தை விடுங்க. பாதி லேட் வருகைப் பதிவு மெஷின் பண்றது. நைட் ஷிஃப்ட் ஆளுக்கு ஒரு நாள் ஆப்சென்ட், மறுநாள் 16 மணி நேர வேலை. மென்பொருள் கம்பெனிக்காரர் 'டேட்டா சரியா இருக்கு'ங்கறார்.

டிசம்பர் 6 · டைம்ஆபீஸ்

டேட்டா சரிதான், நாள் எங்க முடியுதுங்கறதுதான் தப்பு.

சி ஷிஃப்ட், இரவு 10லிருந்து காலை 6. திங்கள் 21:54க்கு உள்ள, செவ்வாய் 06:05க்கு வெளிய, மறுபடி செவ்வாய் 21:52க்கு உள்ள. நாள் மாறும் நேரம் 00:00ன்னு இருந்தா, திங்கள்ல ஒரே பஞ்ச் (மெஷின்ல ஒரு பதிவு): 'மிஸ் பஞ்ச்', ஆப்சென்ட். செவ்வாய்ல 06:05 முதல் பஞ்ச், 21:52 கடைசி பஞ்ச்: 15 மணி 47 நிமிஷம். அந்த ஆள் வீட்டுல தூங்கின நேரத்துக்கெல்லாம் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) காட்டும்.

நள்ளிரவு தாண்டின நேரத்தை முந்தின நாள் கணக்குல சேர்க்கணும்னு பழைய தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 57 சொன்னது. அதுக்குப் பதிலா வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 2020லயும் அதே ஏற்பாடு இருக்கு. மென்பொருளை அதுக்குத் தக்க மாத்தணும்.

நாள் மாறும் நேரத்தை மதியம் 12க்கு வைக்கச் சொல்வாங்க. சி ஷிஃப்ட் முடிச்சு ஏ ஷிஃப்ட்டுலயும் தொடர்ந்து மதியம் 2 வரை நிக்கற ஆள் இருந்தா அதுவும் உடையும். சி ஷிஃப்ட்டுக்கு மட்டும் மாலை 6 மணி வைங்க. கூடவே உள்ள வர்ற நேரத்துக்கு 21:00–23:30னு ஜன்னல் வைங்க. அதுக்கு வெளிய விழற பஞ்சைத் தானா ஒதுக்காம, சரிபார்க்கவேண்டிய பட்டியலுக்கு அனுப்பணும். ஷிஃப்ட் மாறும் வாரக்கடைசியில மாத்தினதைச் சோதிங்க, அங்கதான் திரும்ப உடையும்.

டிசம்பர் 6 · டைம்ஆபீஸ்

கால் மணிக்கு முழுமையாக்கறதும் பாருங்க. 8:03க்கு வந்தவரை 8:15ன்னு வைக்கும். மாலை 4:44க்குப் போனவரை 4:30ன்னு வைக்கும். ரெண்டு பக்கமும் கம்பெனிக்கே சாதகம். வராத 3 நிமிஷத்துக்கு 15 நிமிஷம் பிடிச்சாச்சு, பிரிவு 9 மீறல். லேட்டை நிமிஷமாவே எடுங்க.

கிரேஸ், அதாவது லேட்டா எண்ணாம விடற நேரம், 10 நிமிஷம்னா, 11வது நிமிஷம் வந்தவருக்கு 11 நிமிஷம் பிடிக்கறதா, 1 நிமிஷமா? ரெண்டுமே சட்டத்துக்குள்ளதான். எதுன்னு எழுதி வெச்சிருக்கணும்.

டிசம்பர் 7 · பேரோல்

எங்களுக்கு ஒரே மெஷின், 200 பேர்.

டிசம்பர் 7 · டைம்ஆபீஸ்

ஆளுக்கு 3 விநாடின்னாலும் 600 விநாடி. பத்து நிமிஷ கிரேஸ் வரிசையிலயே போயிடும். ரேகை தேஞ்ச கைன்னா 3 விநாடியில முடியாது. எந்திரப் பிரிவுல எண்ணெய், கூலன்ட் பட்ட விரலை ரெண்டு மூணு தடவை வைக்கணும். அவங்களுக்கு முகம் பார்க்கற கருவியோ கார்டோ கொடுங்க. இன்னொரு மெஷின் வாங்கினா ரெண்டோட கடிகாரமும் ஒரே சர்வரைப் பார்த்து ஒத்துப்போகணும். இல்லேன்னா நாலு நிமிஷம் பின்னால ஓடற மெஷின் எதுன்னு ஒரே வாரத்துல கண்டுபிடிச்சு எல்லாரும் அங்க நிப்பாங்க.

கம்பெனி பஸ் லேட்டானா அது தொழிலாளி லேட் இல்லை. கேட் பதிவேட்டுல வழித்தட எண், வந்த நேரம் எழுதி, அந்தப் பஸ்ல வர்றவங்க பட்டியலை மொத்தமா அன்னிக்கே ரெகுலரைஸ் பண்ணுங்க. மாசக் கடைசிக்குத் தள்ளினா யார் எந்தப் பஸ்னு சண்டை வரும்.

டிசம்பர் 9 · புதுஹெச்ஆர்

ஒரு ஆள் பன்னிரண்டு நாளா வரலை, போனும் எடுக்கலை. "எட்டு நாள் தாண்டினா தானா வேலை போயிடும்"னு எங்க நிலையாணையில இருக்கு. பேரை எடுத்துடலாமா?

டிசம்பர் 9 · டைம்ஆபீஸ்

எடுக்காதீங்க. இதே மாதிரி விதியை வெச்சு நீக்கின வழக்குலதான் 1993ல உச்ச நீதிமன்றம் டி.கே.யாதவ் தீர்ப்பு கொடுத்தது. விளக்கம் கேட்காம, விசாரணை இல்லாம தானா நீக்கம்னு சொல்றது இயற்கை நீதிக்கு எதிரானது. விதி காகிதத்துல இருந்தாலும் விசாரணை வேணும்.

நடைமுறை: வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபால், ஒப்புகைச் சீட்டோட. எந்தத் தேதியிலிருந்து வரலை, எந்தத் தேதிக்குள்ள வரணும் அல்லது விளக்கம் தரணும்னு தெளிவா இருக்கணும். தபால் திரும்பி வந்தா உறையைப் பிரிக்காம கோப்புல வைங்க. அடுத்தது குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அப்புறம் விசாரணைத் தேதி அறிவிப்பு. மாதிரி நிலையாணையில 10 நாளுக்கு மேல அனுமதியில்லாம வராததும், வழக்கமா லேட்டா வர்றதும் தவறான நடத்தைப் பட்டியல்ல இருக்கு. குற்றச்சாட்டுல அந்த உட்பிரிவைக் குறிப்பிடணும். 'வழக்கமா'ன்னு எழுதினா தேதியும் நிமிஷமும் பட்டியலா இணைக்கணும். அன்னன்னைக்குக் கொடுத்த மெமோ இல்லாம அந்த வார்த்தை நிக்காது.

இன்னொண்ணு. அவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) ஆளா? நோய்ப் பலன் வாங்கிட்டிருந்தா அந்தக் காலத்துல நீக்கவோ தண்டிக்கவோ கூடாது, பழைய இ.எஸ்.ஐ. சட்டம் 1948ல அது பிரிவு 73. முதல்ல சான்றிதழ் இருக்கான்னு பாருங்க.

டிசம்பர் 10 · யூனியன்பக்கம்

இ.எஸ்.ஐ. சர்டிஃபிகேட் கொடுத்தா கம்பெனி சம்பளமும் சேர்த்துத் தரணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

டிசம்பர் 10 · பேரோல்

ரெண்டும் ஒரே நாளுக்குக் கிடையாது. சம்பளத்தோட லீவுல இருக்கற நாளுக்கு நோய்ப் பலன் இல்லை. நாங்க நல்லது பண்றோம்னு எஸ்.எல். (சம்பளத்தோட நோய் விடுப்பு) போட்டுட்டா, அந்த நாளுக்குப் பலன் போயிடும்.

கணக்கு: பங்களிப்புக் காலம் ஆறு மாசத்துல 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்கணும். சராசரி நாள் கூலியில 70 சதவீதம், அடுத்தடுத்த ரெண்டு பலன் காலத்துல 91 நாள் வரை. முதல் ரெண்டு நாள் காத்திருப்பு, அதுக்குப் பணம் இல்லை. முந்தின நோய்க்காலம் முடிஞ்சு 15 நாளுக்குள்ள திரும்பினா காத்திருப்பு கிடையாது. அந்த ரெண்டு நாளுக்கு சி.எல். போடறதுதான் ஆளுக்கு நல்லது.

எல்.ஓ.பி. நாளை மாதாந்திர இ.எஸ்.ஐ. கணக்குல சரியா காட்டுங்க. பி.எஃப். ரிட்டர்ன்ல 'என்.சி.பி. நாள்' (பங்களிப்பு இல்லாத நாள்)ங்கற கட்டத்துலயும் அதே எண் வரணும். ஒரு இடத்துல 4, இன்னொரு இடத்துல 0ன்னு போயிட்டா பின்னால திருத்தறது பெரிய வேலை.

டிசம்பர் 12 · புதுஹெச்ஆர்

சங்கத்துக்குப் பதில் கொடுத்தாச்சு. இனி லேட் நிமிஷமா மட்டும். மாசம் ரெண்டு பர்மிஷன், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். ஈ.எல்.லுக்கு இன்னும் 240 நாள் கணக்குதானா?

டிசம்பர் 12 · டைம்ஆபீஸ்

பர்மிஷன் எடுத்த நேரத்தை லேட் நிமிஷத்துல இருந்து கழிச்சுட்டு மென்பொருளுக்கு அனுப்புங்க. தனித்தனியா ஓடினா ஒரே நேரத்துக்கு ரெண்டு தடவை பிடிக்கும்.

ஈ.எல்.: பழைய தொழிற்சாலைகள் சட்டத்துல காலண்டர் வருஷத்துல 240 நாள் வேலை, பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புல 180. விகிதம் அதேதான், வேலை பார்த்த 20 நாளுக்கு 1. அடுத்த வருஷத்துக்கு 30 வரை கொண்டுபோகலாம்; கேட்டு மறுத்த லீவுக்கு அந்த வரம்பு இல்லை. வருஷக் கடைசியில தொழிலாளி கேட்டா பணமாவும் தரணும், இது புதுசு.

மறுத்த லீவுங்கறதால விண்ணப்பத்தை வாய்மொழியா முடிக்காதீங்க. "இப்ப வேண்டாம்பா, அடுத்த மாசம் போ"ன்னு சூப்பர்வைசர் சொல்றதும் மறுப்புதான், ஆனா பதிவுல இருக்காது. டிசம்பர் 31ல 37 நாள் இருப்பு. 7 நாள் போச்சுன்னு நீங்க சொல்வீங்க, மறுத்தீங்கன்னு அவர் சொல்வார்.

டிசம்பர் 13 · பேரோல்

21ஆம் தேதியிலிருந்து அடுத்த மாசம் 20 வரைன்னு வருகைச் சுற்று வெச்சிருக்கறவங்க வேலை விட்டுப் போறவங்க விஷயத்துல கவனமா இருக்கணும். ராஜினாமாவோ நீக்கமோ, ரெண்டு வேலை நாளுக்குள்ள கணக்கு முடிக்கணும், ஊதியத் தொகுப்பு பிரிவு 17. 20ஆம் தேதி வரைக்கும் காத்திருக்க முடியாது.

கடைசி நாள் காலையிலயே அவரோட மிஸ் பஞ்ச், பர்மிஷன், காம்ப் ஆஃப் (ஈடு விடுப்பு) எல்லாத்தையும் அவர் முன்னாடியே பார்த்து மூடிடுங்க. 21லிருந்து அன்னிக்கு வரை மஸ்டரை (வருகைப் பதிவேடு) தனியா அச்செடுத்துக் கையெழுத்து வாங்குங்க. ஈ.எல். இருப்பு, அதுல இந்த வருஷம் சேர்ந்தது எத்தனைன்னு அதே தாள்ல இருக்கட்டும். ரெண்டு பிரதி.